என் அப்பத்தாவுக்குத் தொழில் இல்லையாம்!

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

சென்ற ஐப்பசி மாதம், அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு விடியற்காலையில் எங்கள் அப்பத்தா காலமானார். அவருக்கு வயது 78. காரியங்கள் முடிந்து உறவினர் அனைவரும் ஊர் திரும்பிய பிறகு, அப்பா ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று வீட்டில் ஒரு பெயர் உண்டு. ஆகவே எந்தப் படிவம் வந்தாலும் நிரப்புகிறவள் நான்தான். பெயர், கணவர் பெயர், முகவரி என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தேன். ‘இறந்தவரின் தொழில்’ என்று ஒரு கட்டம் வந்தது.

“இல்லைன்னு போடும்மா” என்றார் அப்பா.

நானும் எழுதிவிட்டேன். அடுத்த கட்டத்திற்குச் சென்றபின்தான் என் மனம் உறுத்தியது. ஏழு வயதில் கன்றுக்குட்டி மேய்க்கத் தொடங்கி, இறப்பதற்குப் பத்து நாள் முன்பு வரை காட்டுக்குப் போய் வந்த ஒருவருக்குத் தொழில் இல்லை என்று என் கையாலேயே எழுதினேன்! அந்த உறுத்தல்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் பூர்வீக ஊர் சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் இடையே உள்ள ஒரு சிறிய கிராமம். அப்பத்தா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அந்தக் கரிசல் மண்ணில்தான். அக்காலத்தில் அது இராமநாதபுரம் மாவட்டம்; 1985இல்தான் நம் மாவட்டம் தனியாகப் பிரிந்தது. கரிசல் மண்ணைப் பற்றிப் புவியியல் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஆனால் அதன் குணத்தை எனக்குச் சொல்லித் தந்தவர் அப்பத்தாதான். கோடையில் அது கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பெய்தாலோ காலைப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் அதிகமாக இருந்தால் ஏர் ஓடாது, காய்ந்துவிட்டாலும் ஓடாது. நடுவே சில நாட்கள்தாம் பதம் இருக்கும். அந்தப் பதத்தைத் தவறவிட்டால் அந்த வருடமே போயிற்று. “மண்ணைக் கையில எடுத்து உருட்டிப் பாரு தாயி, உருண்டு உதிரணும்” என்பார். எனக்கு எத்தனை முறை உருட்டினாலும் ஒன்று களியாகிவிடும், அல்லது பொடியாகிவிடும்.

எங்களுக்கு இருப்பது மூன்றரை ஏக்கர் மானாவாரிக் காடு. (எங்கள் பக்கத்தில் புஞ்சை நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். வெளியூர்த் தோழியர் யானையையும் புலியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.) கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, மல்லி, அவற்றோடு பருத்தி. அப்பத்தா சிறுமியாக இருந்தபோது கருங்கண்ணிப் பருத்திதான் எங்கும் போடுவார்களாம். விதைப்பதற்கு முன் பருத்தி விதையைச் சாணிக் கரைசலில் பிசறிக் காயவைப்பார். பஞ்சு ஒட்டிக் கொத்துக் கொத்தாய்க் கிடக்கும் விதைகள் அப்போதுதான் தனித்தனியே உதிரும். துவரையைச் செம்மண் கட்டி வெயிலில் உலர்த்துவார். அடுத்த வருட விதைக்கென்று நல்ல கதிராகப் பார்த்து முறித்து, சாம்பல் கலந்து, குலுக்கையில் போட்டு மூடி வைப்பார். தாத்தாவுக்கு விதை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. புரட்டாசி மாதம் வந்ததும், “விதையை எடு” என்று மட்டும் சொல்வாராம்.

பருத்தி எடுப்பதற்கு நேரம் உண்டு என்பதை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? விடியற்காலையில், பனி ஈரம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் காய்ந்த சருகு நொறுங்கிப் பஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். வியாபாரி விலையைக் குறைப்பான். ஆகையால் மாசி, பங்குனி மாதங்களில் அப்பத்தா இருட்டிலேயே எழுந்து, கம்மங்கூழைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு, சேலையை மடி கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். காய்ந்த பருத்திக்காயின் ஓட்டு நுனி ஊசி போலக் குத்தும். அவருடைய விரல் நுனிகளில் ரேகையே தேய்ந்துபோயிருந்தது. நியாயவிலைக் கடையில் விரல் ரேகை வைக்கும் இயந்திரம் வந்தபோது, அப்பத்தாவின் விரலை அது ஏற்றுக்கொள்ளவேயில்லை! ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, துடைத்து, மறுபடி வைத்து, வரிசையில் நின்ற அத்தனை பேரும் பொறுமை இழந்தார்கள். நானும் அன்று வெட்கப்பட்டு ஒதுங்கி நின்றேன். அதை இப்போது நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

விதை போடுவது, களை வெட்டுவது, கதிர் அறுப்பது, தூற்றுவது, புடைப்பது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது என எல்லாம் பெண்கள் வேலை. ஏர் பிடிப்பது ஒன்றுதான் ஆண் வேலை. பெண் ஏரைத் தொட்டால் மழை பெய்யாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஏருக்குப் பின்னால் நடந்து சாலில் விதை போடலாம். முன்னால் மேழியைப் பிடிக்கக் கூடாது. அப்பா பிறப்பதற்கு முந்தைய வருடம் தாத்தாவுக்கு அம்மை போட்டுவிட்டது. மழை பெய்து நிலம் பதமாக இருக்கிறது. ஊரில் எல்லா ஏரும் அவரவர் காட்டில் ஓடுகின்றன. இரவல் கேட்டாலும் கிடைக்காது. அப்பத்தா இரண்டு இரவு யோசித்தாராம். மூன்றாம் நாள் சாமக்கோழி கூவுவதற்கு முன்பே மாட்டைப் பூட்டிக்கொண்டு போய், வெளுப்பதற்குள் ஒரு பகுதியை உழுதுவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் வந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டாராம். இப்படி ஐந்து நாள். ஊரார் கண்டுபிடித்துப் பெரிய பேச்சாகிவிட்டது. “அந்த வருசம் மழை பெய்யலையா அப்பத்தா?” என்று நான் கேட்பேன். “பேஞ்சுச்சே! நல்லாப் பேஞ்சுச்சு. அதைப் பத்தி எவனும் பேசல” என்று சொல்லிச் சிரிப்பார்.

அவர் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரைதான் படித்தார். நம் விருதுநகர் தந்த பெருந்தலைவர் காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியதை நாம் ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டியில் எழுதுகிறோம். அப்போது அப்பத்தாவுக்கு ஒன்பது வயது. அவருடைய தம்பி பள்ளிக்குப் போய்ப் படித்தார், அங்கேயே சாப்பிட்டார். அப்பத்தா கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு வேலி ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறார். திட்டத்தில் குறை இல்லை. கன்றுக்குட்டியை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு வீட்டில் ஒரே பதில்தான் இருந்தது.

அந்தப் பதில் அடுத்த தலைமுறைக்கும் வந்தது. இப்போது எங்கள் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த வரலாற்றை நாம் எல்லோரும் அறிவோம். மழை குறைந்த வறண்ட ஊர்; குச்சியும் மருந்தும் சீக்கிரம் காயும். வெள்ளாமைக்குச் சாபமாக இருந்த அதே வெயில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வரமாயிற்று. அந்தத் தொழில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிய வைத்திருக்கிறது. இம்மலரைப் படிக்கும் பெற்றோரில் பலர் அதனால் வாழ்கிறவர்கள். நான் அதைப் பழிக்கவில்லை. ஆனால் மழை பொய்த்த வருடங்களில், விடியுமுன்னே கிராமத்துக்குள் வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. எங்கள் அத்தை 1980இல் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு அந்த வண்டியில் ஏறினார். அவருக்கு வயது பத்து. சட்டத்தில் தீக்குச்சி அடுக்கினார்; பெட்டி ஒட்டினார். இரவில் வீடு வரும்போது தூங்கிக்கொண்டே வருவாராம். அந்தக் கூலியில் கிணற்றுக்கு ஒரு மோட்டார் வந்தது. கிணறு வற்றும்வரை ஓடியது. பின்னர் எங்கள் அப்பா ஆசிரியர் பயிற்சி படிக்கவும் அந்தச் சேமிப்பே முதலாயிற்று. இதை அப்பாவே பலமுறை சொல்லியிருக்கிறார்.

குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசிக் குழந்தைகளுக்கென்று சிறப்புப் பள்ளிகள் அமைக்கும் திட்டம் 1988இல் வந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996இல் வந்தது. அத்தைக்குத் திருமணம் நடந்த ஆண்டு 1988. மறு வருடம், 1989இல், மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே மணமாகிவிட்ட பெண்களுக்கு அது பொருந்தாது என்றும் அதிலேயே இருந்தது. நல்ல சட்டங்கள் எல்லாம் எங்கள் அத்தையின் வீட்டு வாசலைக் கொஞ்சம் பிந்தியே வந்து தட்டின.

அப்பத்தாவிடம் வருகிறேன். தாத்தா 2016இல் இறந்தார். பட்டா அவர் பெயரிலேயே நின்றது. அப்பாவும் சித்தப்பாவும் வெளியூரில் வேலையில் இருந்தார்கள். உழைத்தவர் அப்பத்தா ஒருவரே. டிராக்டருக்குச் சொல்லி உழவைப்பார், கூலிக்கு ஆள் பிடிப்பார், மக்காச்சோளம் போட்டால் படைப்புழுவோடு சண்டை போடுவார். ஆனால் 2019இல் விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6000 ரூபாய் தரும் மத்திய அரசுத் திட்டம் வந்தபோது, நிலம் யார் பேரில் என்று கேட்டார்கள். பயிர்க்கடன் கேட்டால் சிட்டா, அடங்கல் யார் பேரில் என்று கேட்டார்கள். கேட்டவர்கள்மீது குற்றமில்லை, அவர்கள் விதிப்படி கேட்டார்கள். “எம் பேரு எதுலயும் இல்லையே தாயி” என்று சொல்லிவிட்டு அப்பத்தா பேருந்து ஏறி வந்துவிட்டார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 2015–16ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சாகுபடி நிலக் கைப்பிடிகளில் பெண்கள் பெயரில் இருப்பவை 100க்கு 14 அளவுதான். நம் தமிழ்நாட்டில் பிறந்த வேளாண் அறிஞர் எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, நிலம் சொந்தப் பெயரில் இல்லாவிட்டாலும் வேளாண்மை செய்யும் பெண்ணுக்கு ஊராட்சி ‘விவசாயி’ என்று சான்றிதழ் தரலாம் என ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகாமலே 2013இல் காலாவதியாகிவிட்டது. அது நிறைவேறியிருந்தால் எங்கள் அப்பத்தாவிடமும் ஒரு காகிதம் இருந்திருக்கும். அப்பாவும் ‘இல்லை’ என்று சொல்லியிருக்க மாட்டார். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2026ஆம் ஆண்டைப் பெண் உழவர்களுக்கான பன்னாட்டு ஆண்டு என்று 2024இலேயே அறிவித்தது.

கோவை மாவட்டம் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் என்றொரு பாட்டி இருந்தார். சிறு கடை நடத்திச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கி, நூறு வயதைக் கடந்தும் இரண்டரை ஏக்கரில் இயற்கை விவசாயம் செய்தார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது; 2024இல் மறைந்தார். அவரைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அப்பத்தா, “இந்தம்மா கையப் பாரு, எங்கையி மாதிரியே இருக்கு” என்றார். கை ஒன்றுதான். ஆனால் பாப்பம்மாள் தம் உழைப்பில் நிலம் வாங்கினார். அவரை விவசாயி என்று நாடு அழைத்தது. எங்கள் அப்பத்தா பிறர் பெயரில் இருந்த நிலத்தில் உழைத்தார். அவரை அவர் பெற்ற மகனே அப்படி அழைக்கவில்லை.

திருவள்ளுவர் உழவுக்கென்று 104ஆம் அதிகாரத்தையே வைத்திருக்கிறார். அதில் நிலத்தைப் பெண்ணாகவே உருவகப்படுத்துகிறார். நாமும் பூமித்தாய் என்கிறோம். நிலத்தைத் தாய் என்று சொல்ல நாம் தயங்குவதில்லை. தாயின் பெயரில் நிலம் எழுதத்தான் தயங்குகிறோம்.

நம் பள்ளியில் அறநெறி வகுப்பில் சிஸ்டர் எங்களுக்கு ரூத்தின் கதையைச் சொன்னார்கள். கணவனை இழந்து, மாமியார் நகோமியோடு வேற்றூர் வந்த ரூத், அறுவடை வயலில் அறுப்பவர்களின் பின்னால் சென்று சிந்திய கதிர்களைப் பொறுக்கினாள். அன்று எங்களுக்கெல்லாம் அவளுடைய பக்தியும் பாசமும் பெரிதாகத் தெரிந்தன. அந்தக் கதையை நான் அப்பத்தாவிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “ஒரு பொழுதுக்கு எத்தனை படி தேறும்?” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்பு பைபிளை எடுத்துப் பார்த்தால், அவள் மாலையில் கதிரை அடித்துத் தானியத்தை அளந்து பார்த்த கணக்கும் அங்கே இருக்கத்தான் செய்கிறது! நாங்கள் அதைத் தாண்டிப் போயிருக்கிறோம். பருத்திக் காட்டில் கடைசிப் பொறுக்கு பொறுக்கியவருக்கு அது கண்ணில் பட்டிருக்கிறது.

தோழியரே, நம் பள்ளியிலும் விவரப் படிவத்தில் ‘தாயாரின் தொழில்’ என்று ஒரு கட்டம் உண்டு. கிராமத்திலிருந்து பேருந்தில் வரும் தோழியர் சிலரிடம் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். காலையில் களை வெட்டிவிட்டு வந்து மகளுக்குச் சோறு கட்டித் தரும் அம்மாவுக்கு ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருந்தார்கள். இல்லத்தரசி என்பது நல்ல சொல்தான். ஆனால் எந்த அரசி முழங்கால் சேற்றில் நிற்கிறாள்? வரும் ஆண்டு அந்தக் கட்டத்தில் ‘விவசாயி’ என்று எழுதுங்கள். மறுப்பார்கள் என்று நினைக்காதீர்கள். வகுப்பாசிரியையிடம் கேட்டேன், தாராளமாக எழுதலாம் என்றார்கள்.

இனி எழுதப் போவதை எழுதலாமா வேண்டாமா என்று நான் பல நாள் யோசித்தேன். அப்பாவிடம் கேட்டேன். “உண்மைதானே, எழுது” என்றார். ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் காடு ரோட்டை ஒட்டி, வீடுகளை விட்டுத் தள்ளி இருக்கிறது. பட்டாசு ஆலைக்கு அப்படிப்பட்ட இடம்தான் வேண்டும்; அறைக்கும் அறைக்கும் நடுவே பாதுகாப்பு இடைவெளி விட வேண்டுமே. அப்பத்தா இருக்கும்போதே ஒரு தரகர் வந்து கேட்டார். “மருந்தக் கொட்டுனா என்னடா மொளைக்கும்?” என்று கேட்டு அவரை அனுப்பிவிட்டார். இப்போது அவர் இல்லை. தரகர் மறுபடியும் வந்தார். விலையும் நல்ல விலைதான். அப்பாவும் சித்தப்பாவும் விற்பதென்று முடிவு செய்தார்கள். அத்தையும் வாரிசு என்பதால் அவர் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதாவது, எனக்கு இச்சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதித் தருவது. பத்திரம் தயாராகி வீட்டுக்கு வந்துவிட்டது.

“அத்தைக்கு எவ்வளவு கொடுப்பீங்க?” என்று கேட்டேன். நகை போட்டுச் சீர் செய்து கட்டிக் கொடுத்தாயிற்று, கூடப்பிறந்தவள் பங்கு கேட்டால் ஊர் என்ன சொல்லும், அக்காவே வேண்டாம் என்றுதான் சொல்லும் என்று சித்தப்பா சொன்னார். அம்மா, “அந்தக் காலத்துல எல்லாம் அப்படித்தான்” என்றார். இந்தப் பதில்களை நீங்களும் உங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள். அவற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. சீர் செய்தது உண்மை. தாத்தா கடன் வாங்கித்தான் செய்தார். ஆனால் அந்த நகைக்கும் அத்தை எட்டு வருடம் பெட்டி ஒட்டியிருக்கிறாரே! சீர் என்பது பிரியத்தில் கொடுப்பது. பங்கு என்பது உரிமை. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதைக் கழித்துக்கொள்ள முடியுமா? 1989இல் விடுபட்ட பெண்களுக்கும் சேர்த்து, 2005இல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, மகளும் மகனைப் போலப் பிறப்பாலேயே பங்காளி என்று சொல்லிவிட்டது. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இதைக் குடிமையியல் ஆசிரியையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போய் அப்பாவிடம் சொன்னேன். அக்காவே வேண்டாம் என்று சொல்லும் என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்வதைத் தவிர வேறொன்றும் சொல்ல அவருக்குப் பத்து வயதிலிருந்து யாரும் கற்றுத் தரவில்லை என்றும் சொன்னேன். அதிகப்பிரசங்கி என்று சித்தப்பா எழுந்து போய்விட்டார்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு அவர் தூங்கவும் இல்லை. மறுநாள் காலை அந்தப் பத்திரத்தை எடுத்து இரண்டாக மடித்து, அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில், அவர் கடைசியாகக் கட்டி வைத்திருந்த விதை முடிச்சின் அடியில் வைத்தார். “உங்க அத்தை பொங்கலுக்கு வருது. முதல்ல அதுகிட்ட நான் பேசுறேன்” என்றார். தரகரின் தொலைபேசி இரண்டு முறை அடித்தது. அப்பா எடுக்கவில்லை.